ஆன்மா அழுத பிற்பகல்

நான் நிறம் அரைத்து விற்கிறவள். புருஷன் போன பிறகு பதினோரு வருஷமாக நானே அரைத்து, நானே ஈயக் குழாயில் அடைத்து, நானே கல்லாவில் நிற்கிறேன். மோன்மார்த்தர் மேட்டில் ஏறி இறங்குகிற ஓவியர்களில் பாதிப் பேருடைய வானம் என் கடையிலிருந்து போனதுதான். அன்று அந்த மண்டபத்தில் நடந்ததைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. கொஞ்சம் குற்றமும் உண்டு.

ஒக்தாவ் பெலூஸ் அப்போது வெள்ளை அல்லிச் சபையில் சேர்ந்திருந்தான். அதன் தலைவர் மகாகுரு அஸர்பால். பாபிலோன் அரச வம்சத்தின் கடைசிக் கொழுந்து என்று அவரே எழுதியிருந்தார். லீல் நகரத்துத் தக்கை வியாபாரி பூதாரோ அவரை ‘எங்க பையன் ஜூல்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊதா அங்கி, எண்ணெய் தடவி முறுக்கிய தாடி. மழை பெய்தால் மட்டும் மற்றவர்களைப் போல ரப்பர் செருப்பு.

சபைக் கண்காட்சிக்காக ஒக்தாவ் வரைய ஆரம்பித்த படத்துக்கு ‘வாசலில் நிற்கும் ஆன்மா’ என்று பெயர். ஆரம்பிக்கும் முன் கடைக்கு வந்தான்.

"தார்ப் பழுப்பு வேணும் மதாம். ஆறு குழாய்."

"ஆறா? ரயில் பெட்டிக்கா அடிக்கப் போறே?"

"குரு சொல்லியிருக்கார். எகிப்துக்காரன் பொணத்தைக் கெடாம வெச்சது இந்தத் தாரை வெச்சுத்தானாம். சாகாத ஆன்மாவை வரையறவன் அடிப்பூச்சையே சாகாத பொருள்ல பூசணுமாம்."

"பொணத்தைக் காப்பாத்தும், சரி. படத்தைக் கொல்லும். இது காயவே காயாது ஒக்தாவ். தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள ஜாம் மாதிரி இருக்கும். சூடு பட்டா மேல இருக்கிறதையும் இழுத்துக்கிட்டு நகரும்."

"உங்களுக்கு ரசாயனம் தெரியும் மதாம். குருவுக்கு ரசவாதம் தெரியும்."

ஆறு குழாயையும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன்.

படத்துக்கு நின்றவள் அவன் அக்கா ஒர்தான்ஸ். நடமாடின வரை தம்பிக்கு வர்ணம் வாங்க தினமும் என் கடைக்கு வந்து போனவள். மூன்று வருஷம் நின்றாள். முதல் வருஷம் நின்றாள், இரண்டாம் வருஷம் உட்கார்ந்தாள், மூன்றாம் வருஷம் நுரையீரல் கெட்டுப் படுக்கையில் தலையணை வைத்துச் சாய்ந்தாள். கான்வாஸில் மட்டும் மூன்று வருஷமும் கறுத்த தண்ணீர் ஓரமாக நேராக நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் லில்லிப் பூ, ஒரு கையில் இரும்புச் சாவி, தோளில் வெள்ளை ஆந்தை, தலைக்கு மேல் ஏழு நட்சத்திரம், மூடிய கண்.

எண்ணெய் கொண்டுபோய்க் கொடுக்கும்போது பார்த்திருக்கிறேன். ஆந்தை, தொப்பிக் கடையில் தூசி படிந்து கிடந்த பஞ்சடைத்த உருப்படி.

"இந்தப் பூவுக்குப் பதிலா ஒரு கட்டு வெங்காயத்தாள் குடுத்திருந்தா ராத்திரி சூப்பாவது ஆகியிருக்கும்" என்பாள் ஒர்தான்ஸ்.

"அந்தச் சாவி எதுக்கும்மா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நெலக்கரி அறைச் சாவி மதாம். வாசல் காவல்காரிகிட்ட விட்டா பாதிக் கரி அவ அடுப்புக்குப் போயிடும். கையிலயே வெச்சிருந்தேன், இவன் அதையும் வரைஞ்சுட்டான். மறுநாள் குரு வந்து பார்த்துட்டு ஒரு மணி நேரம் அழுதார்."

ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள அவளுக்கு ஆசை. அது ஆன்மாவைத் தட்டையாக்கும் இயந்திரம் என்று குரு எழுதியிருந்ததால் ஒக்தாவ் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான். நவம்பரில் அவள் செத்துப்போனாள். இந்த உலகத்தில் அவள் முகம் இருந்தது அந்த ஒரு கான்வாஸில்தான். முன்னால் வரைந்து பார்த்த தாள்களை எல்லாம் ‘வெறும் சதை’ என்று குரு சொன்னாராம். அவள் இருக்கும்போதே அவற்றை அடுப்பில் போட்டிருந்தான்.

மார்ச் மாதம் கண்காட்சி திறந்தது. திறப்புக்கு முதல் நாள் ஓவியர்கள் வந்து தங்கள் படத்துக்கு வார்னிஷ் பூசுவார்கள். அன்றே பெரிய மனிதர்களும் வந்து ஈர வார்னிஷில் சட்டையை ஒட்டிக்கொள்வார்கள். அது ஊர் வழக்கம். நானும் வார்னிஷ் டப்பாவோடு போயிருந்தேன்.

உள்ளே போனதும் வாசலிலேயே நின்றுவிட்டேன். ‘ஆன்மா’வை மண்டபத்தின் நடுச் சுவரில் மாட்டி, அதன் காலடியில் பன்னிரண்டு காஸ் விளக்கை வரிசையாக எரியவிட்டிருந்தார்கள். போதாததற்கு இரண்டு பக்கமும் சாம்பிராணிச் சட்டி. ரொட்டி சுடலாம் அங்கே.

"இந்த விளக்கை யாரு வெச்சது?" என்று ஊதாப் பட்டை கட்டிய ஒரு சபை வீரனைக் கேட்டேன். வீரன் என்றால் பகலில் அஞ்சலகத்தில் முத்திரை குத்துகிறவன்.

"நிரந்தர ஜோதி, மதாம். பன்னிரண்டு ராசி."

"பன்னிரண்டையும் அணைங்க. படம் ஒழுகிடும்."

"மதாம், வார்னிஷ் விக்கிறவங்களுக்குப் பின்வாசல் இருக்கு" என்றான் அன்பாக.

ஒக்தாவைத் தேடினேன். அவன் முன்வரிசையில், இரவல் வாங்கிய கோட்டில், பரோன்சீமாட்டி லெர்மினியேவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். பீட்ரூட் சர்க்கரை ஆலை அவளுடையது. ஆவிகளோடு பேசுவதில் ஆர்வம் உள்ளவள். அவர்கள் பதில் பேசுவதில்லை என்பது அவளுக்கு ஒரு குறையாகப் பட்டதில்லை. எக்காளம் மூன்று முறை ஊதினார்கள். குரு படத்தின் முன் வந்து நின்றார்.

"பாருங்க. இந்த லில்லி, உலகத்தோட எந்தப் பசியும் தீண்டாத தூய்மை. இந்த ஆந்தை, இருட்டிலும் பார்க்கிற ஞானம். கண்ணு ஏன் மூடியிருக்கு? உள்ளே பார்க்குது. இந்தச் சாவி..." குரலைத் தாழ்த்தினார். "இந்தச் சாவி எதைத் திறக்கும்னு நான் சொல்லக் கூடாது. தீட்சை வாங்கினவங்களுக்கு மட்டும்."

கரி அறையைத் திறக்கும் என்று என் நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அப்போதுதான் பரோன்சீமாட்டி கையை நீட்டினாள். "அழறா" என்றாள்.

மூடியிருந்த இடது இமைக்கு அடியிலிருந்து பழுப்பாக ஒரு துளி பிதுங்கி நின்றது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கன்னத்தில் இறங்கியது. அவசரமே இல்லை அதற்கு. பின்னாலேயே வலது கண்ணிலிருந்தும் ஒன்று.

முந்நூறு பேர் இருந்த மண்டபத்தில் காஸ் எரிகிற சத்தம் கேட்டது. சாம்பிராணி ஆட்டிக்கொண்டிருந்தவன் கை பாதியில் நின்றது. குருவைப் பார்த்தேன். இருபது வருஷமாக அற்புதங்களை முன்னறிவித்து வந்த மனிதர். ஒன்று உண்மையிலேயே வந்து நின்றதும் முகம் சுண்ணாம்பாக வெளுத்து, உட்கார நாற்காலி தேடினார். பாவம், அவர் இதை எதிர்பார்க்கவே இல்லை.

பிறகு சமாளித்துக்கொண்டார். "யாரும் கிட்டப் போகாதீங்க. வீரர்களே, சங்கிலி கட்டுங்க." பதினைந்து பேர் கை கோத்துப் படத்தின் முன் வளைந்து நின்றார்கள்.

நான் முழங்கையால் வழி செய்துகொண்டு ஒக்தாவிடம் போனேன்.

"இறக்கு. இப்பவே இறக்கித் தரையில மட்டமாப் படுக்க வை. கால் மணி நேரம் போச்சுன்னா வாய் போயிடும், அப்புறம் மூக்கு."

அவன் என்னைப் பார்க்கவில்லை. "அவ அழறா மதாம்."

"யாரு, ஒர்தான்ஸா? அவ அழுது நீ பார்த்திருக்கியா? கோவம் வந்தா செருப்பை எறிவா. இது நான் குடுத்த ஆறு குழாய். மோந்து பாரு."

மோந்து பார்த்தான். மூக்கு விடைத்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதே நேரத்தில் பரோன்சீமாட்டி குனிந்து அவன் கோட்டுக் கையின் நுனியை முத்தமிட்டாள். "நீங்க ஞானி" என்றாள். இருபத்தொன்பது வயது வரை அவனை யாரும் நல்ல ஓவியன் என்றுகூடச் சொன்னதில்லை. அசையாமல் நின்றான். அந்த நிற்றலை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. ஆனால் என் கோட்டுக் கையையும் யாரும் முத்தமிட்டதில்லை, அதனால் பெரிதாகப் பேசவும் மாட்டேன்.

"ஒக்தாவ்."

"ஒரு நிமிஷம் மதாம்."

அந்த ஒரு நிமிஷத்தில் புருவம் இறங்கியது. நட்சத்திரங்கள் நெற்றிக்கு வந்தன. கூட்டம் ஒவ்வொன்றுக்கும் பெருமூச்சு விட்டது. "வானம் அவளுக்குள்ள இறங்குது" என்று குரு விளக்கினார். ஆந்தை வழுக்கி மார்புக்கு வந்தபோது, "ஞானம் இதயத்தைச் சேருது." நல்ல வேகமான மனிதர். எது எங்கே விழுந்தாலும் அதற்கு ஒரு அர்த்தத்தை அடியில் விரித்துப் பிடித்தார்.

பிறகு வாய் நகர்ந்தது. ஒரு ஓரம் மட்டும் முதலில். உதடு மோவாய் வரை நீண்டு இழுபட்டு, அங்கே தொங்கியது. யாருடைய வாயாகவும் இல்லாமல்.

ஒக்தாவ் ஒரு சத்தம் போட்டான். வார்த்தை இல்லை. அடுத்த கணம் அஞ்சலக வீரனின் வயிற்றில் தலையால் முட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

"இது தாரு" என்று கத்தினான். "கேட்டுக்குங்க, இது தாரு. காயாத தாரு. என் அக்கா மூஞ்சி போயிட்டிருக்கு, விடுங்கடா."

"தெய்வ நிந்தனை" என்றார் குரு. "பிடிங்க அவனை."

நான்கு பேர் பிடித்தார்கள். நான் சுவர் ஓரமாக நடந்து காஸ் குழாயின் திருகைக் கண்டுபிடித்து மூடினேன். பன்னிரண்டு ராசியும் ஒரே மூச்சில் போயின. கண்ணாடிக் கூரை வழியாக மார்ச் மாதத்துச் சாம்பல் வெளிச்சம் மட்டும் இறங்கியது. அந்தத் திகைப்பில் பிடி தளர்ந்தது. நானும் அவனுமாக அந்தக் கனத்த சட்டத்தை இறக்கினோம். இறக்கும்போது சாய்ந்தது, அதில் மூக்கின் பாதி போயிற்று. தரையில் படுக்க வைத்தோம்.

மட்டமாகப் படுத்ததும் ஓட்டம் நின்றது. ஆனால் மேல் வர்ணம் பாலாடை மாதிரி சுருங்கத் தொடங்கியது. ஒரு கண்ணும், நெற்றியும், கன்னத்தின் ஒரு வளைவும் மிச்சம். அதுவும் எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது.

"பென்சில்" என்றான்.

கணக்கெழுதுவதற்காகக் கொண்டையில் செருகி வைத்திருப்பேன். எடுத்துக் கொடுத்தேன். குருவின் கையிலிருந்த கண்காட்சிப் பட்டியலைப் பிடுங்கி, பின்பக்கத்தைத் திருப்பி, படத்தின் பக்கத்தில் மண்டியிட்டு வரைய ஆரம்பித்தான்.

அவன் மண்டியிட்டதைக் கூட்டம் பார்த்தது. பரோன்சீமாட்டி மண்டியிட்டாள். பின்னால் வரிசை வரிசையாக எல்லோரும், பட்டுப் பாவாடைகள் சரசரக்க, மண்டியிட்டார்கள். வீரர்களும். மண்டபத்திலேயே நின்றுகொண்டிருந்தவர் குரு ஒருவர்தான் என்று ஆனபோது அவரும் வேறு வழி இல்லாமல் இறங்கினார், சரியாக வழிந்து கிடந்த தார் மேல். அந்த அங்கிக்கு டர்பன்டைன் போட்டாலும் போகாது. நான் சொல்லவில்லை.

யாரோ மெல்லிய குரலில் ஜெபம் சொன்னார்கள். பென்சில் கரகரத்தது. அவன் எச்சில் தொட்டு அழித்தான், மறுபடி போட்டான். மிச்சமிருந்த கண் மூடிய கண். தாளில் அது திறந்திருந்தது. லில்லி இல்லை, நட்சத்திரம் இல்லை. கன்னம் ஒட்டிப்போன ஒரு பெண், யாரையோ வம்புக்கு இழுக்கப் போகிற முகத்தோடு, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குரு முழங்காலாலேயே நகர்ந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"ஆந்தை எங்க?"

"பறந்து போச்சு" என்றேன்.

"இதுல ஒண்ணுமே இல்லையே. இது வெறும் பொம்பளை."

"ஆமா" என்றான் ஒக்தாவ், தலை தூக்காமல். பிறகு தாளை என் பக்கம் திருப்பினான். அவன் கை, கழுத்து, காது எல்லாம் தார். "சரியா இருக்கா மதாம்? நீங்க தினமும் பார்த்தவங்க."

பார்த்தேன். நெற்றி அவளுடையது. கண் அவளுடையது. வாயை அவன் சிரிக்க விட்டிருந்தான். மூன்று வருஷமும் மூடியே வைக்கச் சொன்ன வாய். அங்கேதான் ஏதோ இடித்தது.

"பல்லு" என்றேன். "வரிசையா போட்டிருக்கே. அவளுக்கு மேல் பல்லு ஒண்ணு முன்னால ஏறி நிக்கும்ல."

"ஆமா, ஆமா." பென்சிலை வாயருகே கொண்டுபோனான். நிறுத்தினான். "எந்தப் பக்கம்?"

சொல்ல வாயைத் திறந்தேன். கல்லாவுக்கு எதிரே எத்தனை நாள் நின்று சிரித்திருக்கிறாள். இடது என்று நினைத்தேன். உடனே வலது என்று பட்டது. அவனைப் பார்த்தேன். கூடப் பிறந்தவன், மூன்று வருஷம் அவள் முகத்தையே பார்த்து வரைந்தவன், பென்சிலைத் தாளுக்கு மேல் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தான்.