வெறுங்கையோடு படகேறியவள்

ஹலீனாவின் கணவருக்காக நான் மீன் வேகவைத்து மூடி வைத்திருந்தேன். தப்பு என்னுடையதல்ல. ஹெலிகாப்டரை விட்டு இறங்கியதும் அவள் சொன்ன முதல் வார்த்தையே, "என் வீட்டுக்காரர் அடுத்ததுல வர்றார்" என்பதுதான். அன்று சாயங்காலம் அது இன்னொரு நடை வர இருந்தது. என் கொழுந்தன் ஹெக்னி காற்றில் நின்று காத்திருந்துவிட்டுத் தோளில் ஒரு மூட்டையோடு வந்து சேர்ந்தான்.

"அண்ணி, புருஷன் வரல. மாவு மூட்டைதான் வந்துச்சு. இத எந்தக் கட்டில்ல படுக்க வைக்கட்டும்?"

ஹலீனாவின் முகம் சிவந்துவிட்டது. போலந்துக்காரி, அறுபதைத் தாண்டியவள், ஆள் குள்ளம். டென்மார்க்கில் பல வருஷம் மீன் ஆலையில் வேலை பார்த்தவள், அதனால் எங்களோடு டேனிஷில் பேச முடிந்தது. கரண்டியை வைத்துவிட்டு உண்மையைச் சொன்னாள்.

"அவர் செத்து ரொம்ப வருஷமாச்சு. தனியாப் போற பொம்பள, தனியா வந்திருக்கேன்னு எங்கயும் சொல்லக் கூடாது. அதுதான் முதல் பாடம். எந்த ஊருக்குப் போனாலும் அவர் அடுத்த வண்டியில வந்துக்கிட்டேதான் இருப்பார்."

"இங்க அந்தப் பொய் செல்லாது. ஹெலிகாப்டர்ல யார் வர்றாங்கன்னு எங்க ஆடுங்களுக்கே தெரியும்," என்றான் ஹெக்னி. அந்த இரண்டாவது மீனையும் அவனே தின்று தீர்த்தான்.

எனக்குச் சுற்றுலாக்காரர்களைப் பிடிக்காது, சொல்லிவிடுகிறேன். இந்தப் பரோ தீவுகளிலேயே ஒதுக்குப்புறமான தீவு எங்களுடையது. வருகிறவர்கள் என் துணிக்கொடியைப் படமெடுப்பார்கள், வேலிக் கதவைத் திறந்துபோட்டுப் போவார்கள். மாடி அறையை வாடகைக்கு விடுகிறேன் என்பதற்காக எல்லோரையும் பார்த்துச் சிரிக்கவேண்டும் என்று கட்டாயமா? ஆனால் ஹலீனா வந்த மறுநாளே தன் தட்டைத் தானே கழுவினாள், என் உருளைக்கிழங்கை உரித்துத் தந்தாள், உரிக்கும்போது பேசிக்கொண்டே இருந்தாள். அவள் பேச்சை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

வசந்தத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியவளாம். பென்ஷன் பணத்தில் பாதி ஐரோப்பாவைச் சுற்றிவிட்டாள். இரவு ரயிலில் போனால் அறை வாடகை மிச்சம். ரொட்டிக் கடைக்குப் பூட்டுகிற நேரத்தில் போனால் பாதி விலை. புது ஊரில் இறங்கியதும் டிராமில் ஏறி கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பினால், ஊர் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். வழி கேட்பதானால், கையில் காய்கறிப் பை வைத்திருக்கும் பெண்ணிடம் கேட்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலான பாடம் ஒன்று உண்டு.

"பைய மட்டும் எவன் கையிலயும் குடுக்கக் கூடாது. தூங்கும்போதுகூட வாரைக் கால்ல சுத்திக்குவேன். நேப்பிள்ஸ்ல, புடாபெஸ்ட்ல, எங்கயும் என் பைய இன்னொருத்தர் கை தொட்டதில்ல."

அந்தச் சாம்பல் நிறப் பை அப்போதும் அவள் காலடியில் இருந்தது. சாப்பாட்டு மேசைக்குக்கூட அதோடுதான் வந்தாள்.

"இவ்வளவு தைரியமா சுத்துறீங்களே, வீட்டுல ஒண்ணும் சொல்லலயா?" என்று கேட்டேன்.

"சொல்லாம இருப்பாளா? என் மக தொரோத்தா ஒரு கண்டிஷன் போட்டிருக்கா. 'நீ எங்க வேணா போ. ஆனா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மாட்டிக்கிட்டேன், பணம் அனுப்பு, வந்து கூட்டிட்டுப் போன்னு போன் பண்ணினே, அதோட முடிஞ்சுது. பேசாம என் வீட்டுல வந்து உக்காரணும்'னா. நானும் சரின்னு தலையாட்டிட்டேன்." உரித்த கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். "அவ நல்லவதான். ஜன்னலோரமா எனக்கு ஒரு நாற்காலிகூட வாங்கி வச்சிருக்கா. அந்த நாற்காலிய நெனச்சா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது, மார்யுன்."

அவளுக்கு வந்த கஷ்டமும் அங்கேதான் இருந்தது. எங்கள் ஹெலிகாப்டர், தீவுகளில் இருக்கிறவர்களுக்காக அரசாங்கம் கைக்காசு போட்டு ஓட்டுவது. பஸ் கட்டணம் போலத்தான், அதனால்தான் அவளும் வந்தாள். ஆனால் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வழிதான். திரும்பிப் போகப் படகு. டென்மார்க்குக்குப் போகும் பெரிய கப்பல் எங்கள் தலைநகர் தோர்ஷவ்னிலிருந்து வாரத்துக்கு ஒரு முறைதான் கிளம்பும், அவளிடம் அதற்கு டிக்கெட் இருந்தது. அதை விட்டால் அடுத்த வாரம்வரை இந்த யானை விலை தீவுகளில் உட்கார்ந்திருக்க அவளிடம் காசில்லை. மகளைத்தான் கூப்பிடவேண்டும்.

"படகுதானே, பரவால்ல," என்றாள்.

அவளைத் துறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். கறுத்த பாறை, அதில் செதுக்கிய சில படிகள், கீழே கடல் ஏறுவதும் இறங்குவதுமாக.

"துறைமுகம் எங்க?"

"இதுதான்."

"படகு எங்க நிக்கும்?"

"நிக்காது. பக்கத்துல வரும். அலை தூக்கும்போது படகு படிக்கு நேரா வரும், அப்போ காலை எடுத்து வைக்கணும். நானும் ஹெக்னியும் ரெண்டு பக்கமும் கையப் பிடிச்சுக்குவோம். அவன் 'போ'ன்னதும் விட்டுருவோம்."

"விட்டுருவீங்களா?"

"பின்ன, நாங்களும் கூட வரவா?"

அவள் வெகுநேரம் தண்ணீரையே பார்த்தாள்.

அன்று பிற்பகல் அவளை வடக்கு முனைக்கு அனுப்பினேன். வேலியோரமாகவே நடங்கள், விளிம்புக்குப் போகவேண்டாம் என்று சொன்னேன். திரும்பி வராததால் எரிச்சலோடு தேடிப்போனேன். புல்லில் குப்புறப் படுத்து, தலையை மட்டும் நீட்டி, கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே தரை சட்டென்று முடிந்துவிடும். கீழே கடல்வரை நெட்டுக்குத்தான பாறை, அதன் ஒவ்வொரு இடுக்கிலும் பறவை. ஆயிரக்கணக்கில் என்றால் குறைத்துச் சொல்வதாகும். நமக்குக் கீழே பறக்கும் பறவைகளின் முதுகை மேலிருந்து பார்க்கலாம். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"நான் தேவாலயம் நெறையப் பார்த்திருக்கேன். எல்லாத்துலயும் அண்ணாந்துதான் பார்க்கணும். இப்படிக் குனிஞ்சு பார்க்கிறது இதுதான் முதல் தடவை," என்றாள்.

நாற்றம் பிடித்த இந்தப் பறவை மலையைப் பார்த்து யாராவது அழுவார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. திட்ட வந்தவள் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.

படகு வரும் காலையில் காற்று விழுந்துவிட்டது. ஆனால் எங்கோ தூரத்தில் அடித்து ஓய்ந்த புயலின் அலைகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்துகொண்டிருந்தன. நுரையில்லை, சத்தமில்லை. கடலே மூச்சு இழுத்து விடுவது போல் படிகளை மூடும், பிறகு பாசி பிடித்த அடிப்பாறை தெரிகிறவரை வடியும். படகோட்டி ரோய் உள்ளே வந்தான், இன்ஜின் உறுமியது.

"பையக் குடுங்க," என்றான் ஹெக்னி.

ஹலீனா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "வேண்டாம், நானே தூக்கிக்கிறேன்."

"ரெண்டு கையும் காலியா இருக்கணும். ராஜாவே வந்தாலும் அப்படித்தான்."

"என் பாஸ்போர்ட், டிக்கெட், போன், காசு எல்லாம் இதுலதான் இருக்கு!"

"நீங்க தண்ணியில விழுந்தா அதுவும் கூடத்தான் விழும்," என்றேன் நான். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். படகு காத்திருக்கும்போது எனக்குப் பொறுமை இருப்பதில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். வாரைத் தோளிலிருந்து கழற்றி, குழந்தையைக் கொடுப்பது போல் ஹெக்னியிடம் கொடுத்தாள். அவன் அதை ஓங்கி வீசினான். படகில் நின்ற ஆள் பிடித்துக்கொண்டான். நாங்கள் அவள் கைகளைப் பற்றவும், கடல் எழும்பவும் சரியாக இருந்தது. படிகள் முழுக்க மூழ்கி, தண்ணீர் எங்கள் இடுப்பைத் தொட்டது. ஹெக்னி இருவரையும் மேலே இழுத்துப் போட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், ரோய் பின்வாங்கி வெகுதூரம் போயிருந்தான். கையை நீட்டித் தீவின் மறுபக்கத்தைக் காட்டினான், திரும்பிப் போய்விட்டான், பையோடு.

ஹலீனா தன் வெறுங்கைகளைப் பார்த்தாள். "போயிருச்சு," என்றாள்.

"கிழக்குத் துறைக்கு வரச் சொல்றான். அங்க அலை கொஞ்சம் கம்மியா இருக்கும். ஏறுங்க வண்டியில!" என்றான் ஹெக்னி.

அவன் வண்டியில் ஒரு கதவு கயிற்றால் கட்டியிருக்கும். அதில் மலைப்பாதையில் ஏறினோம். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என் போனை எடுத்து நீட்டினேன்.

"அங்கயும் முடியலன்னா, மகளுக்கு ஒரு வார்த்தை சொல்லிருங்க. நம்பர் ஞாபகம் இருக்கா?"

"மனப்பாடமா இருக்கு. அதுதான் பயமா இருக்கு." என் கையை மெல்லத் தள்ளினாள். "உள்ள வைங்க, மார்யுன். கண்ணுக்கு முன்னால இருந்தா பேசிருவேன்."

உச்சியில் மூடுபனி எங்களுக்குக் கீழே கிடந்தது. அதற்கு மேலே மற்றத் தீவுகளின் தலைகள் மட்டும் வெயிலில் பச்சையாக நின்றன. பனி கிழிந்த இடத்தில் கடல் தெரிந்தது. தொடுவானத்திலிருந்து நீளநீளமாய் வரிகள், ஒன்றுக்கும் அவசரமில்லாமல், எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தன. எதற்கும் நிற்காத ஹெக்னி வண்டியை நிறுத்திவிட்டான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல அண்ணி." அவன் குரல் இறங்கியிருந்தது. "இவங்க கூட வர்றதால நானும் பார்த்துட்டேன்."

கிழக்குத் துறை சின்னது. அங்கே படிகூடச் சரியாகக் கிடையாது, ஒரு பாறைத் திட்டுதான். ரோய் வெளியே நின்றுகொண்டு கத்தினான்.

"ஹெக்னி! ஒரே தடவைதான் உள்ள வருவேன்! மறுபடி கேக்காத!"

திட்டின் விளிம்பில் நின்றோம். ஒரு கையை நான் பிடித்தேன், மறு கையை ஹெக்னி. அவள் உள்ளங்கை சில்லிட்டிருந்தது.

"எப்போன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"நீங்க தெரிஞ்சுக்க வேண்டாம். அவன் 'போ'ம்பான்."

"யோசிக்காம நான் எதையும் செஞ்சதில்ல, மார்யுன். ரொட்டி வாங்கினாக்கூட யோசிப்பேன்."

"இன்னிக்கு ஒரு நாள் செய்யுங்க."

பெரிய அலைகள் கூட்டமாகத்தான் வரும். அவை போய்விட்டால் கடல் சற்று அடங்கும், அதற்குத்தான் காத்திருந்தோம். முதல் அலை வந்து பக்கத்துப் பாறையில் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. வெயில் பட்டு உள்ளுக்குள் பச்சையாய் ஒளிவிட்ட தண்ணீர், எங்கள் தலைக்கு மேலே போய், ஒரு கணம் நின்று, அப்படியே சரிந்தது. காலடிப் பாறை அதிர்ந்தது. அடுத்தது அதைவிடப் பெரியது. ஹலீனா கையை உதறிக்கொண்டு ஓடுவாள் என்று நினைத்து இறுகப் பிடித்தேன். அவள் சிரித்தாள். உப்புத் தண்ணீர் முகத்தில் வழிய, வாயைத் திறந்துகொண்டு, சின்னப் பெண் மாதிரி சிரித்தாள்.

"எவ்வளவு பெருசு!" என்றாள். "இவ்வளவு பெருசாவா இருக்கு!"

இந்தக் கடலை நான் பிறந்ததிலிருந்து திட்டிக்கொண்டிருக்கிறேன். என் ஆடுகளைக் கொண்டுபோயிருக்கிறது, மீன்பிடிக் கப்பலில் போகும் என் புருஷனை மாதக்கணக்கில் வைத்துக்கொள்கிறது, காயப்போட்ட துணியில் உப்பைத் தெளிக்கிறது. அன்றுதான் அதை அண்ணாந்து பார்த்தேன். பயமும் சந்தோஷமும் ஒன்றாய் வந்தன. இதன் காலடியிலேயே இருந்துகொண்டு இத்தனை வருஷம் என்னத்தைப் பார்த்தேன் என்று ஆகிவிட்டது.

பிறகு கடல் அடங்கியது. ரோய் உள்ளே வந்தான். படகு கீழே கிடந்தது, ஆழத்தில். மெல்ல எழும்பியது. ஹெக்னி தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. படகின் விளிம்பு எங்கள் முழங்காலுக்கு வந்தது, பாதத்துக்கு நேராக வந்தது.

"போ!"

இரண்டு பேரும் விட்டுவிட்டோம். அவள் கால் பாறையை விட்டது. இன்னும் படகைத் தொடவில்லை. எங்கள் கையிலும் இல்லை, அவர்கள் கையிலும் இல்லை, கீழே கறுப்புத் தண்ணீர். இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு அந்தக் குள்ள மனுஷி அந்தரத்தில் இருந்தாள். ரயிலில், டிராமில், எத்தனையோ ஊர்களில் தனியாகப் போனேன் என்று சொன்னாளே, உண்மையிலேயே தனியாக இருந்தது அந்த ஒரு கணம்தான் என்று எனக்குத் தோன்றியது.

படகிலிருந்த ஆள் அவள் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். ரோய் பின்வாங்கினான். அவள் தளத்தில் உட்கார்ந்தபடி எங்களைப் பார்த்து ஏதோ கத்தினாள், இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. கப்பல் கிடைத்துவிடும். தொரோத்தாவுக்குப் போன் போகாது. படகு பனிக்குள் போய் மறைந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"அண்ணி," என்றான் ஹெக்னி, தோளைத் தொட்டு. "அவங்க போயாச்சு. கையக் கீழ போடுங்க."

பார்த்தேன். விரல்கள் விரிந்தபடி என் கை தண்ணீருக்கு மேலே நீண்டேதான் இருந்தது. அதைக் கீழே போட எனக்கு மனம் வரவில்லை.