ரெசிஸ்டரில் வைத்த மீட்டர்

1

இந்தக் கதை என் சோம்பேறித்தனத்தில் பிறந்தது. அதை மறைக்க நான்கு தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்று இப்படி: "மின்சாரம் நன்றி கெட்டது, பழகிய கையையும் அது..." (வேண்டாம். பழியை மின்சாரத்தின் தலையில் கட்டுவது எனக்குத்தான் வசதி.)

2

அக்காவும் நானும் வெல்டிங் மெஷின் பழுது பார்க்கிறோம். மெஷினுக்குள் பெரிய கெப்பாசிட்டர் ஒன்று உண்டு. சுவிட்சை அணைத்த பிறகும் முந்நூறு வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். அதை மெல்ல வடிப்பதற்கென்றே இணையாக ஒரு ரெசிஸ்டர். இணையாக இருப்பதால் இரண்டிலும் எப்போதும் ஒரே வோல்ட்டேஜ். ஒன்றை அளந்தால் மற்றதையும் அளந்த மாதிரிதான்.*

* இந்த வாக்கியத்தை அப்படியே நம்ப வேண்டாம். நான் நம்பினேன்.

3

அன்று கெப்பாசிட்டரின் முனைகளை ஒரு மூடி மறைத்திருந்தது. நான்கு ஸ்க்ரூ. ரெசிஸ்டரோ கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. வோல்ட்டேஜ் அளக்கும் மீட்டரை அதில் வைத்தேன்.

"வடிஞ்சிருச்சாடா?"

"ஜீரோக்கா. கைய வைக்கலாம்."

ரெசிஸ்டரின் ஒரு காலில் பற்றவைத்த ஈயம் விரிசல் விட்டிருந்தது. பார்வைக்கு ஒட்டிக்கொண்டிருந்தது, இணைப்பில் இல்லை. மீட்டர் பொய் சொல்லவில்லை, ரெசிஸ்டரில் ஒன்றுமில்லைதான். கெப்பாசிட்டரில் முந்நூறும் அப்படியே இருந்தது. அக்கா மூடியைக் கழற்றிவிட்டுக் கையை உள்ளே விட்டாள்.

4

(இங்கே அக்காவைக் கொன்று ஒரு வரைவு எழுதினேன். நடை நன்றாக வந்திருந்தது. வெட்கமாகிக் கிழித்துப் போட்டேன்.)

நடந்தது இவ்வளவுதான்: தூக்கியடித்தது, சுவரில் மோதி உட்கார்ந்தாள். வலது கையில் இரண்டு விரல்கள் இன்றும் மரத்தே கிடக்கின்றன.

ஒரு பாத்திரமாக அக்காவை என்னால் நம்ப முடியவில்லை. ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் எட்டு மாதமாக, நான் ஜீரோ என்றதும் மீட்டரை வாங்கித் தானும் ஒருமுறை அளக்கிறாள். எனக்கு வலிப்பது அதுதான்.

5

இதுவரை எழுதியதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

"எல்லாம் சரி. மூடியில எத்தன ஸ்க்ரூன்னு எழுதியிருக்க?"

"நாலு."

"ரெண்டுதான்டா."

திருத்தலாம் என்று பேனாவை எடுத்தேன். திருத்தினால் என் சோம்பேறித்தனம் இன்னும் பச்சையாகத் தெரியும். அப்படியே விட்டுவிட்டேன்.

6

இன்று காலை அதே மாதிரி இன்னொரு மெஷின் வந்தது. இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றி, கெப்பாசிட்டரின் முனைகளிலேயே அளந்தேன்.

"ஜீரோக்கா."

அக்கா கையை நீட்டினாள். மீட்டரை நோக்கியா, மெஷினை நோக்கியா என்பதை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் மெஷினை நோக்கி என்றுதான் எழுதுவேன். நீங்கள் அதை நம்பக் கூடாது.