முப்பத்து நான்கு பூஜ்யங்கள்

அண்ணன் இறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அண்ணி அறைவாசலில் நின்றபடி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"கம்ப்யூட்டர்காரி, அவரு கடைசியா என்ன எழுதினாருன்னு எடுத்துக் குடுத்திடுவியா?"

"பாக்கறேன் அண்ணி."

தொண்டையில் அறுவைச் சிகிச்சை ஆகிப் பேச்சு போகும்வரை வீட்டில் அண்ணனுக்கு 'ரேடியோ' என்றுதான் பெயர். பேச்சு போன பிறகும் பெயர் போகவில்லை. மனதில் பட்டதையெல்லாம் பழைய கணினியில் தட்டுவான். அண்ணி வந்து திரையைப் படித்துவிட்டு வாயால் சண்டை போடுவாள். 'கரண்ட் இருக்கிற வரைக்கும்தான் எனக்கு வாய்' என்று ஒருமுறை எழுதினான். "அப்ப அடிக்கடி போகட்டும்" என்றாள் அண்ணி. அவன் தோள் குலுங்கச் சிரித்தான்.

கம்ப்யூட்டர்காரியான தங்கையின் வேலை, கோப்புகளைக் கணினி வட்டில் அடுக்கி வைக்கும் மென்பொருளைச் சீர்செய்வது. ஒரு கோப்பில் கைவைக்கும் முன்பு, 'இது இத்தனை நீளமாகிறது' என்று அந்த மென்பொருள் ஒரு பதிவேட்டில் குறித்துக்கொள்ளும். குறிப்புகள் முதலில் நினைவகத்தில் பஃபர் என்ற சிறு இடத்தில் சேர்ந்து, பிறகு வட்டுக்குப் போகும். ஒரே பஃபருக்காக எல்லாக் குறிப்புகளும் வரிசையில் நின்றுகொண்டிருந்தன. அவள் பல பஃபர்களைத் திறந்துவிட்டாள். பதிவேடு வேகத்தில் பறந்தது.

அந்த மும்முரத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. கோப்பின் எழுத்துகள் வட்டில் இறங்கும்வரை அதன் நீளத்தைப் பற்றிய குறிப்பு காத்திருந்தது. யாரோ பயந்தாங்கொள்ளி எழுதியது என்று நினைத்து அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டாள். முதல் சோதனைக்கு அண்ணனின் கணினிதான் கிடைத்தது. 'இப்பதான் நாக்கு திரும்பி வந்த மாதிரி இருக்கு' என்று அவன் எழுதிக் காட்டினான்.

இப்போது அந்த வட்டைத் தன் மேசையில் வைத்து, மதியம் முழுக்கத் துருவினாள். பதிவேடு பத்திரமாக இருந்தது. அண்ணன் இறந்த அன்று மின்சாரம் போன நிமிடத்தில் கோப்பு முப்பத்து நான்கு பைட் வளர்ந்திருக்கிறது. அந்த இடத்தில் முப்பத்து நான்கு பூஜ்யங்கள். குறிப்பு முந்திக்கொண்டு வட்டுக்குப் போய்விட்டது. எழுத்துகள் நினைவகத்திலேயே நின்று, மின்சாரத்தோடு போய்விட்டன.

அண்ணியிடம் எதையும் மறைக்காமல் சொன்னாள். காத்திருப்பை எடுத்தது தான்தான் என்பதையும்.

அண்ணி கோபப்படவில்லை. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"தட்டற சத்தம் எனக்குக் கேட்டுச்சுடி. அடுப்புல வேலை. 'இருங்க, வரேன்'னு குரல் குடுத்தேன். அதுக்குள்ள கரண்ட் போச்சு. ஃபியூஸ் பாக்கக் கீழ ஓடிட்டேன். திரும்பி வரும்போது தலை சாஞ்சிருச்சு." முந்தானையை அவிழ்த்து மறுபடி சுற்றினாள். "எவ்வளவு நீளம்னு தெரியும்ல? என்னவா இருக்கும்னு பாரு. தண்ணி வேணும்னு கேட்டிருப்பாரோ?"

தங்கை கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டு எண்ணினாள். எழுத்துக்கு மூன்று பைட், மேல் வைக்கும் புள்ளிக்கு மூன்று, கொம்புக்கும் சுழிக்கும் மூன்று மூன்று. 'தண்ணி வேணும்.' பதினோரு கணு, மும்மூன்றாக முப்பத்து மூன்று. நடுவே இடைவெளிக்கு ஒன்று. முப்பத்து நான்கு.

"இல்ல அண்ணி. அது பொருந்தலை."

அண்ணி மூச்சு விட்டாள். "அப்ப வேற என்னடி? நீயே சொல்லேன்."

ஏதாவது சொல்ல வேண்டும். மனதுக்குள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். ஒன்று நீளம், ஒன்று குட்டை. கடைசியில் ஒன்று சரியாக வந்தது. கட்டைவிரல் கணுக்களில் ஊர்ந்தது.

"'நல்லா இருங்க.' நம்ம எல்லாருக்கும். இது பொருந்துது, அண்ணி. சத்தியமா பொருந்துது."

"அவரா? என்னைப் பாத்து நல்லா இருன்னு சொல்ற ஆளா அவரு?" அண்ணி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அருகில் வந்து அவளுடைய வலது கையை எடுத்துத் திருப்பினாள். சுண்டுவிரலின் நடுக்கணுவில் கட்டைவிரல் இன்னும் பதிந்திருந்தது.

"தண்ணிக்கும் இங்கதாண்டி நின்னுச்சு."

அண்ணி அந்தக் கையை விடாமல், அடுப்படிப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.