மூப்பர் குடிக்காத டீ

சின்ராசுவுக்கு அன்றைக்குக் காலையிலிருந்தே எரிச்சல். மாதத்தின் முதல் ஞாயிறு, உபவாசம். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. இந்த லட்சணத்தில் கழுத்தை இறுக்கும் டை வேறு. எட்டுப் பேர் உட்காரும் ஜீப்பில் பதினாலு பேர். போடிமெட்டுக்கு ஏறும் ஒவ்வொரு வளைவிலும் பக்கத்திலிருந்த தோட்டத்துப் பெண்ணின் தூக்குவாளி அவன் முழங்காலைப் பதம் பார்த்தது. எதிரே இருந்த பால்ராஜ் மட்டும், பசியே அறியாதவன் போல, எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தான்.

இருவரும் மார்மன் சபையின் ஊழியக்காரர்கள். ஒருவனுக்கு இருபது வயது, மற்றவனுக்கு இருபத்தொன்று. இரண்டு வருடம் சம்பளம் இல்லாமல், அனுப்பிய ஊரில் தங்கி, கதவு கதவாகத் தட்டி வேதம் சொல்ல வேண்டும். விடியும் முன் எழுந்து முழங்காலில் நிற்க வேண்டும், படிக்க வேண்டும், வெள்ளைச் சட்டையைத் தானே துவைத்துத் தேய்க்க வேண்டும். எங்கே போனாலும் ஜோடியாகத்தான் போக வேண்டும். ஒருவன் கண் மறைவாக மற்றவன் எங்கும் போகக் கூடாது. சட்டைப் பையின் மேல் ஒரு கறுப்புப் பெயர்ப் பட்டை குத்தியிருக்கும். அதில் 'மூப்பர் சின்ராசு', 'மூப்பர் பால்ராஜ்' என்று எழுதியிருந்தது. மீசை சரியாக முளைக்காத பையன்களுக்குச் சபை கொடுத்த பட்டம் அது. தங்களுக்குள் அதையே இங்கிலீஷில் எல்டர் என்று கூப்பிட்டுக்கொள்வார்கள்.

போடியில் இந்த 'மூப்பர்'தான் வினையாகப் போனது. கமருதீன் பாயின் ஏலக்காய் மண்டிக்கு மேலே மாடியறையில் குடிவந்த முதல் நாள், மண்டியில் இருந்த ஒரு பெரியவர் பட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தார். “மூப்பரா? அப்ப நல்ல எடந்தான்” என்று எழுந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டார். மூப்பர் என்று சாதிப் பட்டம் வைத்துக்கொள்ளும் பெரிய வீட்டுக்காரர்கள் சுற்றுவட்டாரத்தில் உண்டு. சின்ராசு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உட்கார்ந்துகொண்டான். பிறந்ததிலிருந்து யாரும் அவனுக்கு எழுந்து நாற்காலி போட்டதில்லை.

அவன் சங்கரன்கோவில் பக்கம் ஒரு காலனியில் பிறந்தவன். அவன் அம்மா பேர் மகாராணி. அந்த மகாராணிக்கு ஊர் டீக்கடையில் டீ வருவது காகிதக் கப்பில். மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். “கப்புதான் சுத்தம்த்தா, ஒருத்தர் எச்சி ஒருத்தருக்கு ஒட்டாது” என்பான் கடைக்காரன், ஏதோ அவள் ஆரோக்கியத்தில் அக்கறைப்பட்டவன் மாதிரி. சின்ராசு கோயம்புத்தூருக்கு லேத்து வேலைக்குப் போனான். அங்கேயும் ஊர் கேட்டார்கள், ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்டார்கள். சபையில் மட்டும் ஒருவர் கையைக் குலுக்கினார், பேரைக் கேட்டார், அதோடு நிறுத்திக்கொண்டார். உள்ளதைச் சொன்னால், சின்ராசு அதற்காகத்தான் ஞானஸ்நானத் தண்ணீரில் இறங்கினான். கடவுள் அப்புறம்தான் வந்தார். ஆனால் வந்தார், வந்தவர் போகவும் இல்லை.

இப்போது அவர்கள் போவது பேச்சிமுத்து வீட்டுக்கு. போடிமெட்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் கூலி அவர். காய் மூட்டையோடு மண்டிக்கு வந்தவரிடம் சின்ராசு கையை நீட்டியபோது, அவர் தன் கையை வேட்டியில் இரண்டு தரம் துடைத்துவிட்டுத்தான் கொடுத்தார். நாலு வாரம் லோடு இறக்கும் நாளில் மூட்டை மேல் உட்கார்ந்தே பாடம் கேட்டார். ஐந்தாவது வாரம், “ஞாயித்துக்கெழமை நம்ம வீட்டுக்கு வாங்க மூப்பரே. நீங்க ரெண்டு பேரும் வரணும்” என்றார். ஏன் அப்படி அழுத்திச் சொன்னார் என்று சின்ராசு யோசிக்கவில்லை.

தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் எட்டு வீடு ஒரே வரிசை. பேச்சிமுத்து வீட்டு வாசலில் இரண்டு நாற்காலி போட்டிருந்தது. அக்கம்பக்கம் முழுக்க வாசலுக்கு வந்து நின்றது. கொஞ்சம் தள்ளி, மரத்தடியில் தனியாக ஒரு நாற்காலியில் கங்காணி முத்துக்கண்ணன் கால் மேல் கால் போட்டிருந்தார். தோட்டத்தில் யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்பது அவர் வாய்ச்சொல். சாயங்காலம் வேலை முடிந்து வரும் பெண்கள் மடியில் ஏலக்காய் ஒளித்திருக்கிறார்களா என்று விரித்துக் காட்டச் சொல்வதும் அவர்தான்.

“வாங்க மூப்பரே!” பேச்சிமுத்துவின் குரல் லயத்துக்கே கேட்டது. “ஏய் சோலை, வெரசா கொண்டா!”

அவர் மனைவி சோலையம்மாள் இரண்டு எவர்சில்வர் டம்ளரோடு வந்தாள். புது டம்ளர், கடை ஸ்டிக்கர்கூட உரிக்கவில்லை. அந்த லயத்தில் எல்லாரும் குடிப்பது பாலில்லாத கட்டன் சாயா. அவள் கையில் இருந்தது கெட்டிப் பாலில் இஞ்சி தட்டிப் போட்ட டீ.

டீ, காப்பி, சாராயம், புகையிலை நாலும் அவர்கள் சபையில் ஆகாது. அந்தப் பாடத்தைப் பேச்சிமுத்துவுக்குச் சொல்ல வேண்டிய நாளே இன்றைக்குத்தான். பால்ராஜின் பையில் அந்தத் துண்டுப் பிரசுரம் பத்திரமாக இருந்தது.

“மன்னிச்சுக்கோங்கக்கா, டீ சாப்பிடக் கூடாது” என்றான் பால்ராஜ், அதே சிரிப்போடு.

“அப்ப ரெண்டு வாய் சோறு? கோழி அடிச்சிருக்கேன்.”

“இன்னைக்கு உபவாசம்க்கா. தண்ணிகூடக் கிடையாது.”

மரத்தடியில் கங்காணி தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். “நான் என்ன சொன்னேன் பேச்சி? மூப்பரு எறங்கி வந்து ஒன் வீட்டுல குடிப்பாருன்னு லயம் பூரா தமுக்கடிச்சியே. இப்ப என்ன சொல்ற?”

அப்போதுதான் சின்ராசுவுக்கு விளங்கியது. மனுசனை மனுசனாக மதிக்கிற பெரிய இடத்துப் பையன்கள் இரண்டு பேர் தன் வீட்டில் கை நனைக்கப் போகிறார்கள் என்று பேச்சிமுத்து ஊரைக் கூட்டியிருக்கிறார். கங்காணியிடம் சவாலே விட்டிருக்கிறார். அந்த மனிதரின் மானம் முழுக்க அந்த இரண்டு டம்ளரில் இருந்தது.

“எங்க சபைச் சட்டம்ண்ணே, யாரு வீட்டுலயும் டீ குடிக்க மாட்டோம்” என்றான் சின்ராசு.

“அப்பிடியா?” கங்காணி நிமிர்ந்து உட்கார்ந்தார். “வெள்ளிக்கெழமை பாய் மண்டியில ரெண்டு பேரும் கிளாஸ்ல ஊதி ஊதிக் குடிச்சீகளே, அது என்ன கங்கா தீர்த்தமா? லோடு எறக்க வந்தவன், இந்த ரெண்டு கண்ணால பாத்தேன். அங்க தொறந்த தொண்டை இங்க வந்ததும் அடைச்சுக்கிருச்சு.”

“அது பாலு! ஏலக்காய் தட்டிப் போட்ட பாலு!”

லயமே சிரித்தது. பனைமரத்தடியில் பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள். இவன் குடித்ததோ டீ குடிக்கிற மண்டியில், டீ கிளாஸில். கமருதீன் பாய் தினமும் பாசத்தோடு கொடுக்கிற பால் இப்படி வந்து கழுத்தைப் பிடிக்கும் என்று யார் கண்டது?

பேச்சிமுத்து சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். “மூப்பரே, ஒரு மொடக்கு. ஒரே ஒரு மொடக்கு. மிச்சத்தைக் கீழ ஊத்திருங்க, நான் ஒண்ணும் கேக்கல.”

சின்ராசுவின் கை டம்ளர் வரைக்கும் போனது. ஒரு வாய் டீ கொலைபாதகம் இல்லை, அவனுக்கும் தெரியும். ஆனால் தண்ணீரில் நின்று கடவுளிடம் வாக்குக் கொடுத்திருந்தான். வீடில்லை, நிலமில்லை, அவனுக்குச் சொந்தம் என்று இருந்தது அந்த வாக்கு ஒன்றுதான். அதை இந்தக் கங்காணிக்காக உடைப்பதா? உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. உபவாசம் போனால் போகட்டும், அடுத்த வாரம் இருந்துகொள்ளலாம் என்று கையை இழுத்துக்கொண்டான்.

“ஆத்தா, சோறு போடுங்க. திங்கிறேன்.”

“எல்டர்!” என்று பால்ராஜ் பல்லுக்குள் சொன்னான். சின்ராசு திரும்பவே இல்லை.

சோலையம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். “இப்பத்தான் தண்ணிகூட ஆகாதுன்னீக. அந்தாளு சிரிக்கவும் சோறு கேக்குறீக. எங்க சோத்தைத் திங்க ஒங்க சாமிகிட்ட வெரதத்தை முறிக்கணுமாக்கும்? அப்பிடி ஒண்ணும் எங்க சோறு நாதியத்துக் கெடக்கல.”

அந்த வார்த்தை அவனைச் சுட்டது. இவளும் தன்னைச் சாதி பார்க்கிற கூட்டத்தில் ஒருவனாக நினைக்கிறாளே! காகிதக் கப்பைக் கையில் வாங்கி வளர்ந்தவனைப் பார்த்தா இந்தப் பேச்சு? சபையில் சேர்ந்த இந்த மூன்று வருடமாக எந்த ஊரிலும், எந்த அறையிலும், ஏழு மாதமாகக் கூடவே படுத்து எழும் பால்ராஜிடம்கூடச் சொல்லாததை, சின்ராசு கத்திச் சொன்னான்.

“நானும் காலனிக்காரன்தான் ஆத்தா! மூப்பருங்கறது சபை குடுத்த பட்டம். எங்க ஆத்தாளுக்கு இன்னைக்கும் காயிதக் கப்புலதான் டீ. நானா ஒங்க வீட்டுல அது பாப்பேன்?”

பேச்சிமுத்துவின் முகம் மலரும் என்று அவன் நினைத்தான். அது விழுந்தது. ஏன் என்பதைக் கங்காணியே சொன்னார்.

“அடச்சே! இம்புட்டுத்தானா?” அவருக்குச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. “ஒன் ஆளு ஒன் வீட்டுல குடிச்சா என்ன, குடிக்காட்டி என்ன? இதுக்கா பேச்சி டம்ளரு புதுசா வாங்குன? அதுக்கு ஒரு டையைக் கட்டிக் கூட்டியாந்திருக்கான் பாரு!”

உண்மையைச் சொல்லியும் தோற்றுப்போனான். இனி அவன் ஒரு அண்டா சோற்றைத் தின்றாலும் அந்த வீட்டுக்குப் பெருமை இல்லை. சின்ராசு சோலையம்மாள் கையிலிருந்து ஒரு டம்ளரை எடுத்தான். மரத்தடிக்கு நடந்தான். கங்காணியின் மூக்குக்கு நேரே நீட்டினான்.

“எனக்குச் சட்டம் இருக்கு, குடிக்க மாட்டேன். ஒங்களுக்கு என்ன சட்டம்? நீங்க குடிங்க.”

கங்காணியின் சிரிப்பு நின்றது. “எனக்குச் சுகரு.”

“சீனி இல்லாம வேற போட்டுத் தர்றேன் கங்காணி” என்றாள் சோலையம்மாள் வாசலிலிருந்து. “அடுப்பு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு. பன்னெண்டு வருசமா இந்த மரத்தடியிலேயே ஒக்காருறீக. இன்னைக்காச்சும் குடிங்க.”

எட்டு வீட்டுச் சனமும் அவரைப் பார்த்தது. அவர் எழுந்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், யாரையும் பார்க்காமல் பேசினார். “சோலி கெடக்கு. நாளைக்குக் காலையில வேலைக்கு ஆளு எடுக்குறப்பப் பேசிக்கிடுவோம்.”

அவர் தலை மறைந்தது. சின்ராசு திரும்பிப் பார்த்தான். பேச்சிமுத்து அவன் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கி டீயை மண்ணில் வீசினார்.

“திருப்தியா? கெளம்புங்க. வந்தீக, பேசுனீக, ஜீப்பு ஏறிப் போயிருவீக. நாளைக்கு அவன் முன்னால மடியை விரிச்சு நிக்கப்போறவ இவ.”

சின்ராசுவுக்கு இருந்த கோபமெல்லாம் இப்போது யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் நெஞ்சிலேயே கிடந்தது.

திரும்பும் ஜீப்பில் கூட்டமில்லை. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். செக்போஸ்ட் தாண்டி நாலைந்து வளைவு இறங்கியாயிற்று. பால்ராஜ் சின்ராசுவின் தோளில் கையை வைத்தான். அவன் நல்லவன், சின்ராசுவுக்குக் காய்ச்சல் வந்தபோது இரவெல்லாம் ஈரத்துணி மாற்றிப் போட்டவன். முழு அன்போடுதான் சொன்னான்.

“எல்டர், அதை நீ அங்க சொல்லியிருக்க வேண்டாம். ஆனா கவலைப்படாதே. நாங்க யாரும் அதெல்லாம் பார்க்கிறதே இல்லை.”

சின்ராசு தோளிலிருந்த கையைப் பார்த்தான். ஏழு மாதமாக இவன் வாயில் வந்தது 'நாம'. நாம ஜெபம் பண்ணுவோம், நாம துணி துவைப்போம், நாம கடைசி பஸ்சைப் பிடிப்போம். தெருவைச் சொல்லி ஒரு மணி நேரம் ஆகவில்லை, அது 'நாங்க' ஆகிவிட்டது. பால்ராஜுக்கே அது தெரியவில்லை. தெரியவில்லை என்பதுதான் சின்ராசுவுக்குத் தாங்கவில்லை. கங்காணியின் ஏச்சை மரத்தடியிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டான். இதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? இறங்கி நடந்துவிடலாம் என்றால், ஜோடியை விட்டுப் போகக் கூடாது. ராத்திரிக்கும் ஒரே அறை.

தோளிலிருந்த கையை எடுத்துச் சீட்டின் மேல் வைத்தான்.

“'நாங்க'ன்னா யாரு யாரு, எல்டர்?” என்றான். “ஒவ்வொருத்தர் பேராச் சொல்லு. நான் கேட்டுக்கறேன்.”

பால்ராஜ் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினான். போடி வரும்வரை ஒரு பேரும் சொல்லவில்லை.