பல்லுக்கு நடுவில் பொத்தான்

1
கதை எழுதும் ஆசை எனக்கு இல்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒரு தாளைக் கொடுத்தார். ‘குழந்தையின் பேச்சைத் திருத்த வீட்டில் இதுவரை என்ன செய்தீர்கள்?’ கீழே நான்கு கோடு. அதில் அடங்கவில்லை, அதனால் கதை. நான் தையல்காரன், ஐந்தாவதோடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள், இல்லாவிட்டால் போய் வேலையைப் பார்.

2
முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஒரு தையல்காரனுக்கு ஒரே மகள். அவள் பேச்சைத் திருத்த அவன் பட்ட பாடு…’

பொய். பாடுபட்டது அவள்.

மறுபடி: ‘அந்தக் காலத்தில் எல்லா அப்பனும் அப்படித்தான்…’

(பக்கத்துக் கடை செருப்புக்காரர் அப்படி இல்லை. அவர் பிள்ளைக்கும் இதே நாக்கு. அவர் சும்மா இருந்தார். தானாகச் சரியாகிவிட்டது.)

3
செய்தது இதுதான். ஐந்து வயதில் என் மகளுக்கு ‘ச’ வராது. நாக்கு பல்லைத் தாண்டி எட்டிப் பார்க்கும், சட்டை ‘தட்டை’ ஆகிவிடும். நாக்கை உள்ளே நிறுத்த ஒரு சட்டைப் பொத்தானை முன்பல்லுக்கு நடுவில் கடிக்கச் சொன்னேன். அது விழாமல் ‘சட்டை, சாவி’ சொல்ல வேண்டும். வீட்டில் இல்லை, கடையில், அளவு கொடுக்க வந்தவர்கள் முன்னால். பொத்தான் விழும், சிரிப்பார்கள். நாலு பேர் சிரித்தால் ரோஷம் வரும், திருந்திவிடுவாள் என்று நினைத்தேன்.

“இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க மாஸ்டர், நேரம் போகுது” என்பார் கண்டக்டர் ஒருவர்.

நானும் சிரித்தேன். [இந்த வரியை மூன்று முறை அடித்தேன். இருக்கட்டும்.]

‘ச’ வந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. இன்றுவரை நான் கேட்டால் ஒரு வார்த்தைதான் பதில்.

4
இப்போது அவள் மகளுக்கும் அதே நாக்கு. நாங்கள் அவளைப் பொடிசு என்போம். (அவள் வாயில் ‘தாத்தா’ மட்டும் சுத்தமாக வரும். அதில் சந்தோஷப்பட்டவன் நான் ஒருத்தன்தான்.)

பயிற்சி அம்மாவை நான் நம்பவில்லை. முதலில் காதைச் சோதிக்க அனுப்பினார். பிறகு கண்ணாடி முன்னால் உட்கார வைத்தார். “பல்லைச் சேத்து வச்சுக்கோ கண்ணு. பாம்பு மாதிரி காத்து விடு.” வரவில்லை. “பரவால்ல, இன்னைக்குப் பாம்புக்குச் சளி” என்றார். பொடிசுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

எங்களிடம், “இந்த வயசுல நிறைய பேருக்கு இருக்கும். கிண்டல் மட்டும் பண்ணாதீங்க. குடும்பத்துல வேற யாருக்காவது இருந்துச்சா?” என்றார்.

மகள் என்னைப் பார்த்தாள்.

“யாருக்கும் இல்ல” என்றேன்.

படியிறங்கும்போது மகள் சொன்னாள்: “அந்தத் தாளை நீங்களே எழுதுங்கப்பா. உள்ளதை எழுதுற வரைக்கும் பொடிசை உங்ககிட்ட தனியா விடமாட்டேன்.”

இத்தனை வருஷத்தில் என்னிடம் அவள் பேசிய நீளமான பேச்சு அது.

5
முடிவு ஒன்று: படித்துவிட்டு ‘விடுங்கப்பா’ என்கிறாள். அதை அடித்துவிட்டேன். அவள் சொல்லாததை நான் சொல்ல வைக்கிறேன், மறுபடியும்.

முடிவு இரண்டு: அவள் இதைக் கிழித்துப் போட்டுவிட்டு… அதையும் அடித்தேன். என்மேல் உனக்கு இரக்கம் வரட்டும் என்று எழுதியது அது.

நீயும் ஒரு முடிவு யோசித்திருப்பாய். வைத்துக்கொள். கடையில் சிரித்தவர்களும் உன்னைப் போல நல்ல மனிதர்கள்தான்.

காலையில் இதை அவள் கையில் கொடுக்கிறேன். அவள் சொல்வது எதுவும் இதில் வராது. அவள் பேசி முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு அவ்வளவுதான் தெரியும்.