முன்வாசல் போட்ட நோட்டு

யோகராஜா ஒன்றை வேண்டும் என்று நினைத்துவிட்டால் அது அவருடையதுதான். விற்கிறவருக்குத்தான் அந்தச் செய்தி கொஞ்சம் பிந்திப் போய்ச் சேரும். சுவிஸின் பேர்ண் நகரத்து ஏல மண்டபத்திலும் அந்த நினைப்போடுதான் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தார். பக்கத்தில் மகள் கிருசிகா, கையில் இலக்க அட்டையோடு.

ஏலத்துக்கு வந்திருந்தது ஒரு பழைய நூறு பிராங் நோட்டு. ஆயிரத்து எண்ணூற்று அறுபதுகளில் துன் நகரில் தொடங்கி, இரண்டு வருடம்கூடத் தாக்குப்பிடிக்காமல் படுத்துவிட்ட ஒரு வங்கி அடித்தது. வங்கியின் முன்வாசலே அதில் படமாக இருந்தது: இரண்டு கல்தூண், மேலே ஒரு கரடித்தலை. அதே வாசலுக்குள்தான் இன்று யோகராஜாவின் உணவகம் நடக்கிறது. முப்பது வருடத்துக்கு முன் அங்கே வேறொருவரிடம் கோப்பை கழுவப் போனபோது, இந்த வாசலால் வராதே, பின்பக்கத்தால் வா என்று முதலாளி சொல்லியிருந்தார். அது இன்றுவரை அவருக்குச் சுட்டுக்கொண்டேயிருந்தது. நோட்டைப் பிறேம் போட்டு அந்த வாசலுக்கு நேரே மாட்டியே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றார். மனைவி சுகந்தியும் சம்மதித்தாள். ஆனால் இரண்டாயிரத்துக்கு மேல் ஒரு சதமும் கூடாது என்று வாக்கு வாங்கித்தான் அனுப்பியிருந்தாள்.

விலை ஏற ஏற ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி மட்டும் விடுவதாயில்லை. அவர் ஆயிரத்து எண்ணூறு கேட்டதும் யோகராஜா மகளிடமிருந்து அட்டையைப் பறித்து மடியில் கவிழ்த்தார்.

“பஸ் மறிக்கிற மாதிரி இதை ஏன் தூக்குறாய்? இனி நான் பாத்துக்கொள்ளுறன்.”

ஆயிரத்துத் தொள்ளாயிரமா என்று ஏலக்காரர் அவரைப் பார்த்துக் கேட்டார். யோகராஜா தலையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக, நிதானமாக, பெரிய மனுசத் தோரணையில் ஆட்டினார். ஏலக்காரர் நன்றி சொன்னார். சுத்தியலைத் தட்டி, நோட்டு அந்தப் பெண்மணிக்கு என்றார்.

மண்டபமே திரும்பிப் பார்க்க யோகராஜா எழுந்தார். தான் சொன்னது ஓம், வாங்குகிறேன் என்றும், எங்கள் ஆட்கள் ஓம் சொல்வது இப்படித்தான் என்றும் தனக்குத் தெரிந்த சுவிஸ் ஜேர்மனில் விளக்கி, இன்னொரு தடவை ஆட்டியும் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். ஏலக்காரர் நல்ல மனுசன். தவறு தன்னுடையது என்று சொல்லி ஏலத்தைத் திரும்பத் திறந்தார்.

பெண்மணி உடனே இரண்டாயிரம் என்றார்.

சுகந்திக்குக் கொடுத்த வாக்கு யோகராஜாவுக்குக் குறுக்கே நின்றது. இரண்டாயிரத்து நூறா என்று ஏலக்காரர் கேட்டபோது, மனமேயில்லாமல், இல்லை என்று தலையை இடமும் வலமும் அசைத்தார்.

புதிதாகப் பாடம் படித்த பிள்ளைபோல ஏலக்காரரின் முகம் மலர்ந்தது. பெண்மணி போதும் என்று கையை விரித்தார். சுத்தியல் விழுந்தது. நோட்டு யோகராஜாவுக்கு.

“அப்பா, நீங்கள் இல்லையெண்டெல்லோ ஆட்டினனீங்கள்,” என்று கிருசிகா அவருடைய கையைப் பிடித்தாள். “எழும்பிச் சொல்லுங்கோவன். இன்னொருக்காத் திறப்பினம்.”

ஏலக்காரருக்கும் சின்னச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சரிதானே என்று ஒருமுறை கேட்டார். யோகராஜா, மண்டபத்துத் திரையில் காட்டியிருந்த நோட்டின் படத்தில் பெரிதாகத் தெரிந்த அந்த வாசலைப் பார்த்தார்.

“அம்மாவோடை நான் கதைக்கிறன்,” என்று மகளிடம் சொல்லிவிட்டு, தலையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக ஆட்டினார்.