மகேந்திரா எழுதிய மதிப்புரை

மகேந்திரா மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் புத்தகம் பள்ளிக்கூட லைப்ரரியில் நிம்மதியாகத் தூசி தின்றுகொண்டிருக்கும். பதினெட்டு வயதில் அப்பனாகிவிட்ட ஒரு வெள்ளைக்காரப் பையனின் கதை அது. பிள்ளை பிறக்கப்போகிறது என்று தெரிந்ததும் நூறு பக்கத்துக்கு ஓடிக்கொண்டே இருப்பான். மதிப்புரை எழுதச் சொன்னார் இங்கிலீஷ் டீச்சர். வகுப்பைச் சிரிக்க வைப்பதே பிறவிப் பயன் என்றிருந்த மகேந்திரா, "இவனைக் கட்டிவைத்துத் தோலை உரிக்க வேண்டும். அந்தத் தோலில் குழந்தைக்குச் செருப்பு தைத்தால், அப்பன் ஏதோ ஒரு விதத்தில் உதவியதாக இருக்கும்" என்று எழுதிக் கொடுத்தான். அது ஜூலை மாதம்.

அக்டோபரில் பள்ளி மலர் அச்சாகி வந்தது. அதற்குள் அந்தத் தீவில் பட்டாளம் இரண்டாவது தடவையும் ஆட்சியைப் பிடித்திருந்தது. இந்திய வம்சாவளிக்காரர்கள் நிறைந்த நடபுவாவில், நாட்டை விட்டே போய்விட வீட்டுக்கு ஒருவர் பாஸ்போர்ட் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அப்படியும் பெற்றோர்களுக்கு மலரைப் படிக்க நேரமிருந்தது. இந்த மாதிரிப் புத்தகத்துக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன வேலை என்று பெற்றோர் கமிட்டி கூடியது. மதிப்புரைக்காரனே வந்து வாசிக்கட்டும் என்றார்கள்.

அதற்கு ஐந்து நாள் முன்னால்தான், யாருக்கும் தெரியாமல் அவன் காதலித்த சாதனா அவனிடம் சொல்லியிருந்தாள். "எனக்குச் சந்தேகமா இருக்கு." அதற்கு மேல் எதைக் கேட்டாலும், "பார்க்கலாம்." கனடா போக அவள் குடும்பத்தில் ஆறு பேருக்கும் வியாழக்கிழமை டாக்டர் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே உண்டு. எடுப்பதற்கு முன் பெண்களிடம் ஒரு கேள்வி கேட்பார்களாம். உண்டு என்றால் பிரசவம் ஆகும்வரை எக்ஸ்ரே இல்லை. ஆறு பேரின் காகிதமும் அங்கேயே நிற்கும். அவள் அப்பாவின் லாரியையும் விற்றாகிவிட்டது.

அந்த அப்பா அப்பலசாமிதான் கமிட்டித் தலைவர்.

மகேந்திரா வாசித்தான். தோல் என்று வந்த இடத்தில் அவனுடைய தோல் சில்லிட்டது. அப்பலசாமி மேசையைத் தட்டிச் சிரித்தார்.

"இன்னொருக்கா படிடா தம்பி, அந்தச் செருப்பு தைக்கிறத."

படித்தான்.

"பையன்னா இப்படி இருக்கணும்! இந்த மாதிரி நாலு பேரு இருந்தா நாம ஏன் ஊரை விட்டுப் போறோம்?"

"புஸ்தகத்தை என்ன பண்றது அண்ணே? எரிச்சுடலாமா?" என்றார் கமிட்டியில் இருந்த பொன்சாமி.

"எரிக்கிறதெல்லாம் பட்டாளத்துக்காரன் வேலை. ஹெட்மாஸ்டர் பீரோவுல வச்சுப் பூட்டுங்க."

வெளியே வரும்போது அவர் கை மகேந்திராவின் தோளில் இருந்தது. லாரி ஸ்டியரிங் பிடித்த கை. ஒரு மூட்டை சர்க்கரையை வைத்ததுபோல் கனத்தது. "நல்லா வருவடா" என்றார். "சரி மாமா" என்றான்.

ஓடிவிடலாம். வட்டுகோலா தங்கச் சுரங்கத்தில் அவன் சித்தப்பா வேலை பார்க்கிறார். தாவுவா ஊரில் இறங்கினால் அங்கிருந்து இன்னொரு பஸ். பூமிக்கடியில் வேலை கிடைத்தால் இன்னும் நல்லது, எந்த மாமனாலும் தேட முடியாது. பஸ் நேரத்தை விரல்விட்டு எண்ணிக்கொண்டு நடந்தவன், கரும்பு ரயில் பாதையருகே நின்றான். அந்த வெள்ளைக்காரப் பையனும் முதலில் பஸ் நேரம்தான் பார்த்தான். அந்தப் பக்கத்துக்கு இவன் எழுதியிருந்த குறிப்பு, 'நம்பும்படியாக இல்லை.'

சாதனா தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள்.

"அப்பா உன்னைப் புகழ்ந்து தள்றாராம்?"

"என்னையே மாப்பிள்ளையாக்கிட்டா செருப்புச் செலவு மிச்சம்."

அவள் சிரிக்கவில்லை. "நேத்து டெஸ்ட் பண்ணிட்டேன். ஆமா."

மில்லுக்குப் போகும் ரயில் ஊதிக்கொண்டு வந்து இருவருக்கும் நடுவே புகுந்தது. கரும்பு ஏற்றிய பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையில் அவள் முகம் தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது.

"வியாழக்கிழமை என்ன சொல்லப் போற?" என்று கத்தினான்.

"உள்ளதை! அதுக்கு முன்னாடி இன்னைக்கு அப்பாகிட்ட!"

வேண்டாம் என்று அவளே சொல்லிவிடுவாள் என்ற ஒரே நம்பிக்கையில் கேட்டான்.

"நானும் வரணுமா?"

பதில் சத்தத்தில் கேட்கவில்லை. இன்னும் பதினைந்து பெட்டியாவது இருக்கும். ஓடுவதற்கு அது போதுமான நேரம். தார் ரோடு பின்னால்தான் இருந்தது. ஒரு பஸ்கூட வந்துகொண்டிருந்தது. கடைசிப் பெட்டி கடந்தபோது அவள் அதே இடத்தில் நின்றாள். அவனும்தான்.

"வா" என்றாள். "ஆறு மணிக்கு. அப்பா குளிச்சிட்டு உக்காந்திருப்பாரு."